வான்நெறியும் வளியறிவும் தமிழில் வேண்டும்

நடுவணரசு கொள்கையளவில் இசைவளித்த புதிய வானூர்தி நிலையங்கள் பல. அப்பட்டியலில் காரைக்காலும் ஒன்று. அதற்கெனக் குறிக்கப்பெற்ற இடம் வரிச்சிக்குடி. காவிரியின் கடைமடையில், கடற்காற்று தவழும் கழனிகளின் நடுவே அமைந்த சிற்றூர் அது. ஆண்டுகள் பல கடந்தும் அங்கு ஒரு வானூர்தியும் வந்திறங்கவில்லை. நிலையம் வருமா வாராதா, வரின் உழவர்க்கு நன்றா தீதா என்பது வேறு வழக்கு. அதனை அவ்வூர் மக்களே தீர்த்துக்கொள்ளட்டும். ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள், ஓடுபாதைக்கு முன்னரே வேண்டப்படுவதாகிய ஒன்றைப் பற்றியது.

நிலையம் வந்தாலும் வாராவிடினும் வரிச்சிக்குடிக்கு மேலே வானம் இருக்கின்றது. அவ்வானத்திற்கு எல்லை உண்டு, ஒழுங்கு உண்டு, காவலும் உண்டு. அங்கு வீசும் காற்றிற்குக் கணக்கு உண்டு. அவ்வொழுங்கையும் அக்கணக்கையும் வரிச்சிக்குடிப் பிள்ளை தன் தாய்மொழியிற் கற்பதற்கு வழி உண்டா? இதுவே வினா. 'இல்லை' என்பதே இன்றைய விடை. இவ்விடை மாற வேண்டும்.

தேர்வும் மொழியும்

வானூர்தி செலுத்துவோனை மக்கள் 'பைலட்' என்றும் 'விமானி' என்றும் வழங்குவர். முன்னது ஆங்கிலம், பின்னது வடசொல்லடியாகப் பிறந்தது. தேர் செலுத்துவோனுக்குப் பழந்தமிழர் இட்ட பெயர் வலவன். அப்பெயரே வானூர்தி செலுத்துவோனுக்கும் நன்கு பொருந்தும்.

வலவனாக விரும்பும் மாணவன் 16 அகவையில் மாணவர்க்குரிய உரிமம் பெறலாம். 18 அகவை நிரம்பி, 200 மணிநேரம் பறந்து, குறித்த தேர்வுகளில் தேறியவனே தொழில்முறை வலவனாகலாம். அத்தேர்வுகளுள் தலையாய மூன்று: வான்வழி கண்டறிதல், வான்நெறி, வானூர்திக்குரிய வானிலை. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 70 பெறல் வேண்டும். பொறியறிவுத் தேர்வு இவற்றின் வேறாக உளது. இத்தாள்களில் ஒன்றும் தமிழில் இல்லை. பயிற்சிக் கழகங்களில் வழங்கும் பாடநூலும் தமிழில் இல்லை.

இந்நிலையில் நடுவணரசு செய்ததென்ன? 1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டத்தை நீக்கிப் புதுச் சட்டம் ஒன்று இயற்றிற்று. 2025 சனவரி 1 முதல் அது நடப்பிலுள்ளது. அதன் பெயர் 'பாரதீய வாயுயான் அதிநியம்'. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சட்டத்திற்கும் இந்திப் பெயர்! தமிழ்மாணவன் இனிப் பெயரை ஒரு வேற்றுமொழியிலும் பொருளை மற்றொரு வேற்றுமொழியிலும் கற்க வேண்டும். 'வாயு' என்பதும் 'யானம்' என்பதும் வடசொற்கள். காற்று, வளி, ஊர்தி என்னும் சொற்களையுடைய மொழியினர்க்கு இவ்விரட்டைச் சுமை ஏன்?

காற்றிற்குப் பெயரிட்டவர் காற்றறியார் ஆவரோ?

கிழக்கினின்று வருவது கொண்டல். மேற்கினின்று வருவது கோடை. தெற்கினின்று வருவது தென்றல். வடக்கினின்று வருவது வாடை. நாற்புறக் காற்றிற்கும் நால்வேறு பெயர் வைத்த மொழி தமிழ். கடற்றொழிலாளர் நாவில் இன்னும் கச்சான், சோழகம் முதலிய சொற்கள் வாழ்கின்றன. நீரோட்டத்திற்கும் 'நீவாடு' என்னும் பெயர் உண்டு. வானூர்தி வானிலை நூலின் முதற்பாடம் இச்சொற்களுக்குள்ளேயே கிடக்கின்றது. எக்காற்றும் அது வரும் புறத்தாலேயே பெயர்பெறும். வானூர்தி நிலைய அறிக்கையிலும் காற்று எப்பாகையிலிருந்து வருகின்றதோ அப்பாகையே எழுதப்படும். '070' என்றிருப்பின் அது கொண்டற்காற்று, வாடைப்பக்கம் சற்றே சாய்ந்தது. இதனைக் காரைக்கால் மீனவன் மகனுக்கு ஒரு நொடியில் விளக்கிவிடலாம். ஆங்கில வழியில் விளக்கப் புகின், மொழியை முதலிற் கற்பித்துக் காற்றைப் பின்பு கற்பிக்க வேண்டும்.

'மெட்டார்' எனப்படும் நிலைய வானிலைக் குறிப்பு, காண்போர்க்கு மறைமொழி போலத் தோன்றும். அதன் உள்ளீடோ எளியது. எடுத்துக்காட்டாக ஒரு குறிப்பைத் தமிழாக்கின் இங்ஙனம் அமையும்: "காற்று 070 பாகையிலிருந்து, மணிக்கு 12 கடல்மைல், காட்சித்தொலைவு 3000 மீட்டர், மழை, 1500 அடி உயரத்தில் முகில், வானின் எட்டுக் கூற்றில் ஐந்து முதல் ஏழு கூறு, வெப்பம் 25, பனிநிலை 24, அழுத்தம் 1008." இதிற் கற்றறிதற்கரிய மறைபொருள் யாது? வெப்பமும் பனிநிலையும் ஒன்றையொன்று நெருங்கின் காற்று ஈரத்தால் நிறைந்தது என்பதும், சற்றே குளிர்ந்தாலும் மூடுபனியோ தாழ்முகிலோ எழும் என்பதும், மார்கழி விடியலில் வரப்பில் நடந்த உழவன் கண்டறிந்தவை. 24, 25 என்னும் எண்களை அவன் கண்டதில்லை; எண்கள் குறிக்கும் பொருளைக் கண்டிருக்கின்றான்.

முகிலுக்கும் அவ்வாறே. கீற்றுமுகில், படைமுகில், திரள்முகில், கார்முகில் என உருவும் தன்மையும் தோன்ற நிற்கும் சொற்கள் தமிழில் உள. வானம் முழுதும் மறைந்திருப்பின் 'மூடம்' என்பது நாட்டுப்புற வழக்கு. இலத்தீன் பெயர்களை உருப்போடும் மாணவன், பெயரைத் தேர்வுத்தாளில் எழுதிவிட்டு முகிலை மறந்துவிடுகின்றான். 'திரண்ட கார்முகில்' என்று கேட்ட மாணவனுக்கோ சொல்லைக் கேட்ட அளவிலேயே இடியும் மின்னலும் உள்ளத்தில் எழும்.

எண்ணை உருப்போட்டால் உயிர் காக்குமோ?

வானூர்தி வானிலை என்பது தேர்வுக்குக் கற்று மறக்கும் பாடமன்று. மூன்று செய்திகளை நோக்குக.

முதலாவது, உயரங்காட்டும் கருவி. அது நேரே உயரத்தை அளப்பதில்லை. காற்றழுத்தத்தை அளந்து உயரமாக மாற்றிக் காட்டுகின்றது. கடல்மட்டத்தை ஒட்டி ஓர் எக்டோபாசுக்கல் அழுத்தம் ஏறத்தாழ 27 அடிக்கு நேராகும். 1013 என்று கருவியை அமைத்துப் புறப்பட்டவன், அழுத்தம் 1003 ஆகத் தாழ்ந்த இடத்தை அடைந்தும் அதனைத் திருத்தாவிடின் என்னாகும்? கருவி 1000 அடி காட்டும். அவனோ ஏறத்தாழ 730 அடியிற் பறந்துகொண்டிருப்பான். முகிலும் மழையும் சூழ்ந்த வேளையில் இந்த 270 அடி உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தொலைவாகும். அழுத்தம் தாழ்வதோ காரைக்காற் கடற்கரைக்குப் புதிதன்று. 1977 நவம்பர் 12ஆம் நாள் நாகைப் பக்கம் தாக்கிய பெரும்புயலும், 2008 நவம்பர் 27ஆம் நாள் காரைக்காலை ஒட்டிக் கரைகடந்த 'நிசா' புயலும், 2018 நவம்பர் 16ஆம் நாள் நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறிய 'கசா' புயலும் இக்கரை மக்களுக்கு அழுத்தத் தாழ்வின் பொருளைத் தம் கொடுமையாலேயே கற்பித்தன.

இரண்டாவது, காற்றின் திரிபு. வானூர்தி காற்றை எதிர்த்தே ஏறும், எதிர்த்தே இறங்கும். காவிரிப்படுகையின் கடலோரத்தில் ஆனி, ஆடித் திங்கள்களில் காலையில் மேல்காற்று வீசும். பிற்பகலில் கடற்காற்று உள்ளேறும். ஆதலின் காலையில் ஏற்ற முனை மாலையில் ஏற்றதாகாது. பின்காற்றில் இறங்கும் வானூர்தி ஓடுபாதையை விரைந்து விழுங்கும். ஈரப்பாதையாயின் நிறுத்துவது இன்னும் அரிது. 2020 ஆகத்து 7ஆம் நாள் இரவு மழையிற் கோழிக்கோட்டில் இறங்கிய வானூர்தி, பின்காற்றோடு வந்து, ஓடுபாதையின் ஏறத்தாழப் பாதியைக் கடந்தே நிலந்தொட்டு, மேட்டின் விளிம்பைத் தாண்டி வீழ்ந்தது. வலவர் இருவர் உட்பட 21 பேர் மாண்டனர். பறந்து தேர்ந்தோர்க்கே இது நேருமாயின் கற்கத் தொடங்கும் மாணவன் எத்துணைத் தெளிவு பெற்றிருத்தல் வேண்டும்!

மூன்றாவது, இடிமுகிலின் கீழ்வீழ் காற்று. கோடைப் பிற்பகலில் உள்ளேறும் கடற்காற்று மேல்காற்றோடு முட்டும் இடத்தில் திரள்முகில் எழுந்து இடிமுகிலாக முற்றும். முற்றிய முகிலிலிருந்து குளிர்காற்று தூண்போல் இறங்கித் தரையில் மோதி நாற்புறமும் சிதறும். அதனுட் புகும் வானூர்திக்கு முதலில் எதிர்காற்றுக் கிடைத்து மேலெழுப்பும். வலவன் ஆற்றலைக் குறைப்பான். அடுத்த நொடிகளில் அதுவே பின்காற்றாக மாறிக் கீழே தள்ளும். 1985 ஆகத்து 2ஆம் நாள் அமெரிக்கத் தல்லாசு நகரில் இறங்க வந்த வானூர்தி இவ்வாறே வீழ்ந்து 137 உயிர் மாய்ந்தன. கடுமையான இடிமுகிலை 20 கடல்மைல் விலகிச் செல்க என்று வல்லுநர் அறிவுறுத்துவர். விலகுதற்குரிய கரணியத்தை உணர்ந்தவனே மெய்யாக விலகுவான். எண்ணை மட்டும் உருப்போட்டவன், பத்துக் கல் போதாதா என்று தன்னுள் வாணிகம் பேசுவான்.

இம்மூன்றும் விளங்கல் வேண்டும். விளங்கலோ தாய்மொழியில்தான் விரைந்தும் ஆழ்ந்தும் நிகழும்.

கூண்டு கற்பித்த பாடம்

'வானூர்திக் குறியீடுகள் உலகப் பொதுவானவை. அவற்றைத் தமிழில் எங்ஙனம் கற்பிப்பது?' என்று வினவுவோர்க்குக் காரைக்கால் மக்களே விடை கூறுவர். துறைமுகத்திற் புயலறிவிப்புக் கூண்டு ஏற்றுவது வானிலைத் துறை வகுத்த குறியீட்டு முறை. 1 முதல் 11 வரை எண்கள். அம்முறையை அமைத்தோர் ஆங்கிலர். ஆயினும் 'மூன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள்' என்றால் குப்பத்துச் சிறுவனும் பொருளறிவான். பத்தாம் எண் என்றால் பாட்டியும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மேட்டிற்கு நடப்பாள். குறியீடு உலகத்தது, விளக்கம் தமிழது. இவ்விணைப்பு எத்தனை உயிரைக் காத்தது! துறைமுகக் கூண்டிற்கு இயன்றது வானூர்திக் குறிப்பிற்கு இயலாதோ?

காரைக்காலில் இந்திய வானிலைத் துறையின் நிலையம் ஒன்றுளது. உலகெங்கும் ஒரே வேளையில் மேல்வளி ஆயும் பலூன்களை ஏவுவது ஒழுங்கு. காலை 5.30, மாலை 5.30 என்னும் அவ்வேளைகளின் கணக்கிற்காகக் காரைக்காலிலிருந்தும் பலூன் எழுந்து மேல்வளியின் வெப்பம், ஈரம், அழுத்தம், காற்று ஆகியவற்றை அறிவிக்கின்றது. 'ரேடார்' எனப்படும் கதுவீ ஒன்றும் அங்கு அமைந்துளது. அது விடுக்கும் அலை மழைத்துளியிற் பட்டு மீள்கின்றது. மீளும் அலையின் மாற்றத்தால் மழை நெருங்குகின்றதா விலகுகின்றதா, எவ்விரைவில் என்பது புலனாகின்றது. இவ்வளவும் காரைக்கால் மண்ணில் நிகழ்கின்றன. பொதுமக்களுக்குரிய வானிலை அறிக்கை சென்னையிலிருந்து தமிழிலும் வருகின்றது, அது பாராட்டற்குரியது. ஆயின் அப்பலூன் எழுவதை ஒவ்வொரு நாளும் காணும் மாணவனுக்கு, அது கொணரும் செய்தியைப் படிக்கும் கலையைத் தமிழிற் கற்பிக்க ஒருவரும் முன்வரவில்லை.

வானத்தின் வரப்பும் வாய்க்காலும்

இனி வான்நெறி. நிலத்திற்கு வரப்பும் வாய்க்காலும் இருப்பது போல வானத்திற்கும் உண்டு. 1944 திசம்பர் 7ஆம் நாள் சிக்காகோவில் எழுதப்பெற்ற ஒப்பந்தம், ஒவ்வொரு நாடும் தன் நிலத்தின் மேலுள்ள வானத்திற்குத் தானே முழுவுரிமை உடையது என்று தொடங்குகின்றது. அதன்வழி எழுந்த உலக அமைப்பு, வான்வெளியை ஏழு வகுப்பாகப் பிரித்தது. அவற்றுள் இந்தியாவில் வழங்குவன நான்கு. ஒன்று, நிலையங்களைச் சூழ்ந்த கட்டுப்பாட்டு வெளி; அங்கு இசைவின்றி எவரும் நுழைதல் கூடாது. மற்றொன்று, வான்வழிகளுக்குரிய வெளி. மூன்றாவது, அறிவுரை வெளி. நான்காவது, செய்தி மட்டும் அளிக்கப்படும் தளையில்லா வெளி. காரைக்காலின் வானம் சென்னை வான்செய்தி வட்டத்துள் அடங்கும். மேற்கே தஞ்சையில் வான்படைத் தளம். 2020 சனவரியில் அங்குச் 'சுகோய்-30' போர்வானூர்தி அணி ஒன்று நிறுத்தப்பட்டது. வடக்கே சீரரிக்கோட்டையில் ஏவுகலம் எழும் நாள்களில் வங்கக்கடலின் மேல் வான்பகுதிகள் மூடப்பெறும். 'நோட்டாம்' என்னும் வலவர் அறிவிப்பு அதனை முன்கூட்டியே தெரிவிக்கும். இவற்றை அறியாமற் பறப்பவன் பிறன் வரப்பை மிதித்தவன் மட்டுமல்லன். பலர் உயிரையும் மிதித்தவன்.

எதிரெதிரே வரும் இரு வானூர்திகளும் வலப்புறம் திரும்புக. குறுக்கே வருவதைத் தன் வலப்புறத்திற் காண்பவன் வழிவிடுக. முந்துபவன் வலப்புறமாக முந்துக. இறங்குவோனுக்கு மற்றவர் வழிவிடுக. இவை வான்நெறியின் அடிப்படைகள். கடலில் எதிர்ப்படும் விசைப்படகுகளும் வலப்புறமே திரும்புகின்றன. குறுக்கே வருவதை வலப்புறத்திற் கண்ட படகே வழிவிடுகின்றது. படகோட்டி அறிந்ததை வலவன் மகன் வேற்றுமொழியிற் கற்க வேண்டுவதில்லை. கண்ணால் நோக்கிப் பறக்கும் கட்புலநெறிக்கு, கட்டுப்பாட்டு வெளியில் 10,000 அடிக்குக் கீழே காட்சித்தொலைவு 5 கிலோமீட்டர் வேண்டும். முகிலினின்று கிடையாக 1500 மீட்டரும் செங்குத்தாக 1000 அடியும் விலகியிருத்தல் வேண்டும். மேலே எடுத்துக்காட்டிய குறிப்பில் காட்சித்தொலைவு 3000 மீட்டர். ஆதலின் அன்று கட்புலநெறியிற் பறத்தல் ஆகாது. வான்நெறியும் வளியறிவும் ஒரு நாணயத்தின் இரு புறம் என்பது இதனாற் பெறப்படும்.

இஃது ஓடுபாதைக்குக் காத்திருக்கும் செய்தியும் அன்று. மருந்து தெளிக்கும் ஆளில்லா வானூர்தி காவிரிப்படுகைக் கழனிகளுக்கு வந்துவிட்டது. 2021 ஆகத்து 25ஆம் நாள் வெளியான ஆளில்லா வானூர்தி ஒழுங்குகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்தன. பச்சைப் பகுதியிற் பொதுவாக 400 அடி வரை முன்னிசைவின்றிப் பறக்கவிடலாம். மஞ்சளில் இசைவு வேண்டும். சிவப்பில் நடுவணரசின் இசைவின்றிப் பறத்தல் இல்லை. வரிச்சிக்குடி இளைஞன் வான்நெறியை முதன்முதலிற் காண்பது இவ்வழியாகத்தான். அறியாது செய்யும் பிழைக்கும் ஒறுப்பு உண்டு. அறிவதற்குரிய நூலைத் தமிழில் தாராமல் ஒறுப்பை மட்டும் தருவது எவ்வகை முறை?

பழம்பெருமை பேசும் முறை

ஈண்டு ஒன்று கூறியாக வேண்டும். புறநானூற்றின் 27ஆம் பாட்டில் வலவன் இன்றித் தானே செல்லும் வானவூர்தி பேசப்படுகின்றது. அதனைப் பாடிய உறையூர் முதுகண்ணன் சாத்தனாரே 30ஆம் பாட்டில், கதிரவன் செல்லும் வழியையும், காற்று இயங்கும் திசையையும், பற்றுக்கோடின்றி நிற்கும் வெளியையும் நேரிற் சென்று அளந்தாற்போலக் கூறவல்லார் உளர் என்கின்றார். 66ஆம் பாட்டில் வெண்ணிக் குயத்தியார், காற்றின் இயக்கத்தை அறிந்து கடலிற் கலஞ்செலுத்தியவன் வழிவந்தோனாகக் கரிகாலனைப் பாராட்டுகின்றார். சீவக சிந்தாமணியில் மயிற்பொறி உண்டு.

இவற்றைக் காட்டி, 'அன்றே தமிழர் வானிற் பறந்தனர்' என்று மேடையில் முழங்குவோர் உளர். அம்முழக்கம் தமிழுக்கு ஆக்கமன்று; பகைவர் நகைக்கவே இடந்தரும். சாத்தனார் பாடிய வானவூர்தி, புகழொடு மாண்டோர் எய்தும் பேறாகப் பாடப்பெற்றது, தொழிற்கூடத்திற் செய்யப்பட்டதன்று. இப்பாட்டுகளால் ஐயமற நிறுவப்படுவது வேறொன்று. காற்றின் திசையும் வானின் வெளியும் அளந்தறியத்தக்க பொருள்கள் என்னும் கருத்தும், அவற்றைச் சொல்லும் சொல்லும் தமிழில் இருந்தன. சொல் இருந்தது, கருத்தும் இருந்தது, இன்று நூல் இல்லை. பழம்பெருமை பேசுவோர் கடன் அந்நூலை எழுதுவதே.

வானொலியில் எம்மொழி?

'கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு தமிழிற் பேசினால் வானூர்திகள் மோதிக்கொள்ளாவோ?' என்று சிலர் ஏளனம் செய்வர். 'பேசியே தீர வேண்டும்' என்று சிலர் சினப்பர். இருவரும் வரலாற்றை நோக்குக.

உலக ஒழுங்கின்படி நிலத்து நிலையம் வழக்கமாகப் பேசும் மொழியிலோ ஆங்கிலத்திலோ உரையாடலாம். பிரெஞ்சியர் பிரெஞ்சிலும் உருசியர் உருசியத்திலும் சீனர் சீனத்திலும் தத்தம் வலவரோடு பேசுகின்றனர். காரைக்காலை 1739 முதல், இடையிடையே ஆங்கிலர் கைப்பட்ட காலம் நீங்கலாக, 1954 வரை ஆண்டவர் பிரெஞ்சியர். அவர் மொழியினராகிய கனடாவின் கியூபெக் மக்கள், தம் மண்ணின் வானிலேயே தம்மொழி பேசத் தடையுற்றனர். அவர்கள் எதிர்த்தெழுந்தபோது, 1976 சூன் திங்களில் ஆங்கிலங் கோரிய வலவரும் கட்டுப்பாட்டாளரும் வேலைநிறுத்தம் செய்தனர். நடுவர் மூவர் குழு ஆய்ந்து, இருமொழி வழக்கால் ஏதமில்லை என்று 1979இல் முடிவு கூறிற்று. கியூபெக் வானிற் பிரெஞ்சு நிலைபெற்றது. ஆய்வை முன்வைத்துப் போராடி உரிமை பெற்ற அம்முறை போற்றற்குரியது.

மறுபுறமும் காண்க. 2000 மே 25ஆம் நாள் பாரிசில் இரு வானூர்திகள் ஓடுபாதையில் மோதின. ஒன்றோடு பிரெஞ்சிலும் மற்றொன்றோடு ஆங்கிலத்திலும் கோபுரம் பேசிற்று. ஒருவர் மற்றவர்க்கு விடுத்த கட்டளையை உணரக்கூடவில்லை. வலவர் ஒருவர் மாண்டார். இருமொழி வழக்கும் கரணியங்களுள் ஒன்றென ஆய்வறிக்கை குறித்தது. 1996 நவம்பர் 12ஆம் நாள் அரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் இரு வானூர்திகள் மோதி 349 பேர் மாண்டனர். கசக்கசுத்தான் வலவரின் ஆங்கிலக் குறைபாடும் அங்குச் சுட்டப்பட்டது. 1977 மார்ச்சு 27ஆம் நாள் தெனெரிபே தீவில் மூடுபனியிடையே இரு பெருவானூர்திகள் மோதி 583 பேர் மாண்டனர். 'இதோ ஏறும் நிலையில்' என்பது போல் டச்சு வலவர் கூறிய ஆங்கிலத் தொடர், புறப்பட்டுவிட்டனர் என்னும் பொருளைக் கோபுரத்திற்கு உணர்த்தவில்லை. அது டச்சு மொழியின் நடை ஆங்கிலத்துட் புகுந்ததன் விளைவு என்று ஆய்ந்தோர் சிலர் கருதுவர். நெருக்கடியில் உள்ளம் தாய்மொழியிலேயே இயங்கும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா.

இவற்றாற் பெறப்படும் முடிவு இதுவே. பல மொழியினர் வந்து கலக்கும் வானில், இன்றைய நிலையில், வானொலிக்கு ஒரு பொதுக்குறியீடாக ஆங்கிலத் தொடர்கள் இருக்கட்டும். அவை எண்ணி வகுத்த சில நூறு தொடர்களே. தமிழ்மாணவன் அவற்றைப் பிழையறக் கற்கட்டும். அக்குறியீட்டின் பின்னே நிற்கும் அறிவோ கடல்போல் விரிந்தது. அவ்வறிவுக்கு ஆங்கிலத்தைக் கட்டாயமாக்க எவ்வுலக ஒப்பந்தமும் கூறவில்லை. சில நூறு தொடர்களுக்காக ஓர் அறிவுத்துறை முழுவதையும் வேற்றுமொழிக்கு அடகு வைப்பது, கதவுக்குப் பூட்டு வாங்க வீட்டையே விற்பது போன்றது.

செய்ய வேண்டுவன

'அறிவியலைத் தமிழிற் கற்பிக்க இயலாது' என்னும் கூற்றை யாழ்ப்பாணம் நூற்றாண்டுக்கு முன்பே பொய்யாக்கிற்று. அமெரிக்க மருத்துவர் கிரீன், மானிப்பாயில் 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். உடற்கூறும் அறுவையும் வேதியியலும் தமிழ்நூல்களாயின. அயலவர் செய்ததைத் தமிழர் செய்யக் கூசுவதோ? 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியலில் இரு பிரிவுகளைத் தமிழில் தொடங்கியது. வானறிவு அடுத்து வரட்டும்.

முதலாவதாக, வான்நெறி, வானூர்தி வானிலை ஆகிய இரண்டிற்கும் முழுமையான தமிழ்ப்பாடநூல் வேண்டும். பறந்து தேர்ந்த வலவர், வானிலை வல்லுநர், தமிழ்ப்புலவர் ஆகிய மூவரும் ஒருங்கிருந்து எழுதுதல் வேண்டும். புலவர் மட்டும் எழுதின் சொல் இருக்கும், பொருள் பிழைக்கும். வல்லுநர் மட்டும் எழுதின் பொருள் இருக்கும், தமிழ் பிழைக்கும்.

இரண்டாவதாக, ஒரு பொருளுக்கு ஒரு சொல் நிலைபெறல் வேண்டும். 'ரேடார்' ஒன்றிற்கே கதுவீ என்றும் கதிரலைக் கும்பா என்றும் வேறு பிறவாறும் சொற்கள் வழங்குகின்றன. தான் ஆக்கிய சொல்லே நிற்க வேண்டுமென்று புலவர் ஒவ்வொருவரும் பூசலிடுவது இயக்கத்தின் நோய்களுள் ஒன்று. பிற துறையில் இது வெறும் வீண்பூசல், வான்துறையில் உயிரிடர். எதிர்காற்று, பின்காற்று, குறுக்குக்காற்று, காட்சித்தொலைவு, பனிநிலை, மூடம், கட்புலநெறி, கருவிநெறி என மக்கள் கேட்ட அளவில் உணரும் சொற்களை ஒருமுறை வகுத்து, அனைவரும் அவற்றையே ஆளுதல் வேண்டும்.

மூன்றாவதாக, தேர்வுத்தாள் தமிழிலும் வழங்கப்படல் வேண்டும். வானொலிப் பேச்சுக்குரிய ஆங்கிலத் திறன் தனித்தேர்வால் அளக்கப்படுகின்றது. ஆதலின் காற்றழுத்தத்தை உணர்ந்தானா என்பதை ஆங்கிலத்தால் அளக்கத் தேவையில்லை.

நான்காவதாக, காரைக்கால் வட்டாரப் பள்ளிகளில் வானிலைக் குறிப்பைப் படிக்கும் பயிற்சி தொடங்கல் வேண்டும். ஒரு காற்றுமானியும் வெப்பமானியும் அழுத்தமானியும் போதும். மாணவர் நாள்தோறும் அளந்து தமிழில் எழுதி, வானிலை நிலையத்தின் அறிக்கையோடு ஒப்பிடட்டும். வலவராவோர் சிலரேயாயினும், புயலைப் படிக்கக் கற்றோர் பலராவர்.

ஐந்தாவதாக, வரிச்சிக்குடியில் நிலையம் எழுமாயின் அதன் பெயர்ப்பலகையிலும் அறிவிப்பிலும் தமிழ் முதலிடம் பெறல் வேண்டும். கடலுக்கு அப்பால், பலாலியில் 2019 அக்டோபரில் யாழ்ப்பாணப் பன்னாட்டு வானூர்தி நிலையம் திறக்கப்பட்டபோது அதன் பலகையில் தமிழும் இடம்பெற்றது. இப்பாலுள்ள தமிழ்மண்ணில் அதனினும் குறைவாக ஏற்றல் தகாது.

அன்பர்களே! கொடி பிடிப்பது எளிது. பாடநூல் எழுதுவது அரிது. தமிழ் வாழ்க என்று சுவரில் எழுதியவர் ஆயிரவர். தமிழில் ஒரு கலைநூல் எழுதியவர் சிலரே. வலவரும் வானிலை வல்லுநரும் பொறியியலாரும் தமிழரிடை இன்று பலர் உளர். அவர்களைத் தேடிச் சென்று எழுதச் செய்க. எழுதியதை வாங்கிப் படிக்க. பிழை கண்டவிடத்துத் திருத்துக. காற்றிற்கு நான்கு பெயரிட்ட மக்கள் அக்காற்றில் ஏறிச் செல்லும் கலையைத் தம் மொழியிற் பெறும் நாளே தமிழ் அறிவியல்மொழியாகும் நாள். அந்நாள் தானே வாராது; உழைப்போர் கொணர்ந்தால் வரும்.